ஒரு டிரம் மண்

மாதத்தின் முதல் சனிக்கிழமை வீட்டுக்காரர் இக்விலோ வந்து டிரம்மை உதைத்துப் பார்ப்பார். உதை என்றால் கோபமான உதை இல்லை. வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்ட வலது காலை டிரம்மின் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஊன்றி, முழங்கால் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு தள்ளு தள்ளுவார். டிரம் லேசாக அசையும். அதற்குள் நிற்கும் ஊபே என்ற பழமரம் தலையை ஆட்டும். "சரி" என்பார். கைக்குட்டையால் ஷூவைத் துடைத்துக்கொண்டு என் அடுப்புக்கு வந்து, எண்ணெய் அதிகம் என்று குறை சொல்லியபடியே நாலு அக்காரா தின்றுவிட்டுப் போவார். மூன்று வருடத்துக்கு மேலாக இந்தக் கூத்து நடந்தது.

எங்கள் முற்றம் எனுகு நகரத்தில், நிலக்கரி மலைக்குக் கீழே. எதிரும் புதிருமாகப் பதினோரு அறை, பதினோரு குடித்தனம், ஒரு தண்ணீர்த் தொட்டி. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நான் காலையில் அக்காரா சுடுவேன். பயறை ஊறவைத்து, தோல் கழித்து, அரைத்து, நுரைக்க அடித்து எண்ணெயில் விடுகிற வேலை. ஆகவே எல்லோருக்கும் நான் அக்காரா அம்மா. என்னைத் தாண்டாமல் யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாது. எனக்குத் தெரியாத சமாசாரம் அந்த முற்றத்தில் குறைவு.

தொட்டிக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு வெறும் மண் உண்டு. பதினோரு குடித்தனத்துக்கும் அதுதான் தோட்டம். என் மிளகாய்ச் செடி, மூன்றாம் அறைக்காரியின் கசப்புக்கீரை, சுவரில் ஏறுகிற ஒரு பூசணிக்கொடி. கீரை வைக்கலாம், கொடி விடலாம். மரம் மட்டும் வைக்கக் கூடாது. வாடகைக்கு இருப்பவன் வைத்த மரம் நாளைக்கு நிலமே தன்னுடையது என்று பேசும். இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இக்விலோவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவருடைய அப்பா ஒருவனைக் குடிவைத்து, அவன் நட்ட இரண்டு எண்ணெய்ப்பனைகளைக் கண்டும் காணாமல் விட்டு, பிறகு பதினாறு வருடம் வழக்காடிப் பாதி நிலத்தை இழந்தார்.

அப்படிப்பட்டவர் முற்றத்தில் ஒரு மரம் எப்படி வந்தது என்றால், அது ஐந்தாம் அறை ஒலன்மாவின் வேலை.

ஒலன்மா ஒரு நாற்றுப் பண்ணையில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பையில் மண் நிரப்புவது, ஒட்டுக் கட்டுவது, பதியம் போடுவது. ஒல்லியான பெண். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை கொடுப்பாள். அவள் புருஷன் அசூகா ரோட்டோரப் பட்டறையில் இரும்பு கேட் செய்கிறவன். வெல்டிங் பொறி பட்டு அவன் சட்டைகளெல்லாம் சல்லடை. அவன் பேசுவான், சிரிப்பான், கோபப்படுவான், எல்லாம் ஒரே மூச்சில்.

கல்யாணமான முதல் ஈஸ்டருக்கு அவளைச் சொந்த ஊருக்குக் கூட்டிப்போனான். அப்பா வீட்டுக் கொல்லையில் நின்ற ஒரு ஊபே மரத்தை, பணக்காரச் சொந்தத்தை அறிமுகம் செய்கிற மாதிரி அவளுக்குக் காட்டினான். அவனுடைய மரம் அது. எங்களில் பிள்ளைக்குத் தொப்புள்கொடி விழுந்ததும், தகப்பன் வீட்டு மண்ணில், காய்க்கிற மரம் ஒன்றின் அடியில் புதைப்பார்கள். அந்த மரம் சாகும்வரை அந்தப் பிள்ளைக்கு. பிற்பாடு சண்டை என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது, உன் கொடி எங்கே புதைந்திருக்கிறது என்பதுதான். பதில் இல்லாதவனுக்குச் சபையில் வாய் இல்லை.

ஒலன்மா அந்த மரத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். கட்டைவிரல் கனத்தில் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, மோதிரம் போலப் பட்டையை உரித்து, ஈர மரத்தூளை வைத்து, பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டினாள். விண்பதியம். அசூகாவின் அண்ணன் ஒஃபோதிலே, மரத்துக்குக் கட்டுப் போட டாக்டர் வந்திருக்கிறாள் என்று ஊரைக் கூட்டிச் சிரித்தான். ஆகஸ்டில் புதுக்கிழங்குத் திருவிழாவுக்குப் போனபோது பிளாஸ்டிக்குக்குள் வெள்ளை வெள்ளையாக வேர் ஓடியிருந்தது. கிளையை அறுத்தெடுத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கூடவே ஒரு மூட்டை மண். அந்த மரத்தடியில் வெட்டிய மண். எனுகுவில் மண் விலைபோகிறதா என்று கண்டக்டர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தானாம்.

டிரம் நான் கொடுத்தது. ஆறு வருடம் நான் அடுப்பாக வைத்திருந்த இரும்பு டிரம். மூன்றில் ஒரு பங்காக வெட்டியது. அடி தீய்ந்து தாளாகிவிட்டதால் நான் அதைக் கழித்துப் போட்டிருந்தேன். தண்ணீர் வடிய ஓட்டை போடவே வேண்டியிருக்கவில்லை. என் நெருப்பே போட்டு வைத்திருந்தது. கொடுக்கும்போது பெரிய தர்மம் செய்கிற நினைப்பு எனக்கு.

அடுத்த முதல் சனிக்கிழமை இக்விலோ பார்த்துவிட்டுக் குதித்தார். அசூகாவும் பதிலுக்குக் குதித்தான். இது மரமில்லை, டிரம்; தரையில் இல்லை, தரைக்கு மேலே இருக்கிறது; நாங்கள் வீட்டைக் காலி செய்தால் கட்டில், பானை மாதிரி இதுவும் வண்டியில் ஏறும் என்று வாதாடினான். இக்விலோ டிரம்மைத் தள்ளிப் பார்த்தார். அசைந்தது. அசைகிறவரைக்கும் இருக்கட்டும் என்று சொன்னார். இப்படித்தான் அந்த உதை வழக்கத்துக்கு வந்தது.

அந்த டிசம்பரில் ஒஃபோதிலே கொல்லை நிலத்தைத் தம்பியைக் கேட்காமல் விற்றான். வாங்கியவன் முதல் வேலையாக ஊபே மரத்தைச் சாய்த்தான். அசூகா ஊருக்கு ஓடினான். கிழிந்த சட்டையோடு திரும்பி வந்தான். இரண்டு நாள் பட்டறைக்குப் போகாமல் அறை வாசலில் உட்கார்ந்திருந்தான். நான் கூழும் அக்காராவும் கொண்டுபோய் வைத்தேன். ஆறிப்போய்த் திரும்பி வந்தது. மரம்தானே, எனக்கு ஒன்றுமில்லை என்றான். நான் நம்பவில்லை.

பிப்ரவரியில் பெண் பிறந்தாள். முனாச்சி. ஏழாம் நாள் கொடி விழுந்தது. கொடியை ஊருக்குக் கொண்டுவரச் சொல்லி அங்கிருந்து ஆள் வந்தது. அசூகா மாட்டேன் என்றுவிட்டான். என் மரத்தை விற்றவன் நாளைக்கு இவள் கொடியையும் சேர்த்து விற்பான் என்றான். ஒலன்மா கொடியைப் பஞ்சில் சுற்றி, பால் டின்னில் போட்டு, அலமாரியில் துணிகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். அப்படியே எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் நான் பயறு கழுவத் தொட்டிக்குப் போனேன். டிரம் பக்கத்தில் அவள் குந்தியிருந்தாள். கையில் ஒரு கரண்டி. என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. புதைத்து, மண்ணைத் தட்டிவிட்டு, என் பக்கம் வந்தாள்.

"இது அவரோட அப்பா வீட்டு மண்ணு அக்கா. மரம் அவரோட மரம். டிரம் நீங்க குடுத்தது. இக்விலோ ஐயாவோடது இதுல ஒண்ணும் இல்ல."

அவள் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை. சரிதான் என்றேன். எவ்வளவு சாமர்த்தியம் என்று மனதுக்குள் மெச்சவும் செய்தேன். இந்த ஏற்பாடெல்லாம் வேருக்குத் தெரியாது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பிறகு அசூகாவிடம் சொன்னாளாம். அவன் போய் மரத்துக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தானாம்.

பாய் விரிக்கிற இடத்தில், அதிலும் ஒரு மூலையில், டிரம்முக்குள் ஒரு ஊபேயை வளர்ப்பது லேசான காரியமில்லை. விட்டால் வீட்டு உயரம் போகிற மரம் அது. ஒலன்மா அதைப் போக விடவில்லை. சுவர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினாள். நடுவில் வெயில் விழக் குறுக்குக் கிளைகளைக் கழித்தாள். மேலே நிமிர்கிற கிளைகளில் கயிறு கட்டிக் கல்லைத் தொங்கவிட்டு, சுவரோடு கை விரித்து நிற்கிற மாதிரி படிய வைத்தாள். என் அடுப்புச் சாம்பல், பயற்றுத் தோல், அரிசி கழுவின தண்ணீர் எல்லாம் அதற்குத்தான் போயிற்று. புழுதிக்காற்று மாதங்களில் காலையும் மாலையும் தண்ணீர். முனாச்சி நடக்கத் தொடங்கியதும் குவளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவாள். பாதி மரத்துக்கு, பாதி அவள் கவுனுக்கு.

நாலாவது வருடப் புழுதிக்காற்றில் ஒலன்மா வந்து, மரம் தண்ணீரே கேட்கவில்லை என்றாள். டிரம் மண் வெடித்துக் கிடக்கிறது, இலை மட்டும் பச்சைப் பசேல் என்று. தீய்ந்துபோன டிரம் அடி எனக்கு நினைவுக்கு வந்தது; வேர் அந்த ஓட்டை வழியாகத் தரைக்குள் இறங்கியிருக்க வேண்டும். இருவரும் போய் டிரம்மைத் தள்ளினோம். அசையத்தான் செய்தது, ஆனால் மனமில்லாமல் அசைந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முதல் சனிக்கிழமைக்கும் முந்தின நாள் அவள் பண்ணையிலிருந்து வளைந்த ரம்பம் ஒன்றைக் கொண்டுவருவாள். டிரம்மைக் கம்பியால் நெம்பி, நான் பிடித்துக்கொள்ள, குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டு, அகப்பட்ட வேரை அறுப்பாள். மண்ணும் வியர்வையுமாக எழுந்திருப்பாள். இக்விலோ வந்து தள்ளுவார். அசையும். "சரி" என்பார். அப்போது நான் அவர் முகத்தைப் பார்க்காமல் எண்ணெயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம்தான் மரம் முதல்தடவை காய்த்தது. மார்ச்சில் பூ. ஏப்ரலில் பச்சைப் பிஞ்சு. மே கடைசியில் ரோஜா நிறக் காய்கள், விரல் நீளத்தில், கொத்துக் கொத்தாக. ஊபே ரோஜா நிறத்திலிருந்து கத்தரிக்காய் நிறத்துக்குக் கறுக்க வேண்டும். அப்போதுதான் சூடான சாம்பலில் புரட்டினால் வெண்ணெயாகும். அதற்கு முன் பறித்தால் கல். முற்றத்தில் எல்லோரும் அந்தக் காய்களைப் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் பார்த்தார்கள். சுட்ட சோளமும் ஊபேயும் வாயில் சேர்கிற ருசியை மழைக்காலத்தில் எங்கள் ஆட்கள் கனவில்கூட மெல்லுவார்கள்.

ஜூன் முதல் வெள்ளிக்கிழமை ஒலன்மா ரம்பத்தோடு படுத்தாள். கை உள்ளே போயிற்று. வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"மணிக்கட்டுத் தண்டி இருக்கு அக்கா" என்றாள். "இத அறுத்தா காய் பூரா கொட்டிடும். மரமும் நிக்குமோ நிக்காதோ."

ரம்பத்தை வெளியே எடுத்துத் துடைத்து வைத்துவிட்டாள். நான் அறு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையிலிருந்தே தூறல். இக்விலோ குடையோடு வந்தார். காலை ஊன்றித் தள்ளினார். அசையவில்லை. குடையை மூடிச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் தள்ளினார். பிறகு அசூகாவைக் கூப்பிட்டார். அசூகா இரும்புத் தூண்களைத் தோளில் தூக்கிப் போகிறவன். அவன் தள்ளியும் டிரம் நின்ற இடத்தில் நின்றது. அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இக்விலோ கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேச்சு பேச்சாக இருக்க வேண்டும், இன்றைக்கே வேரை அறுக்க வேண்டும், இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார். அசூகா என்னவோ சொல்ல வாயெடுத்தான். ஆனால் என் பிள்ளையின் கொடியைப் புதைக்க எனக்குக் காணி நிலம் இல்லை என்று பதினோரு குடித்தனத்துக்கு முன்னால் எந்த ஆண்பிள்ளை சொல்வான்? அறுத்துவிடுகிறேன் ஐயா என்று சொல்லிவிட்டு, இரும்பு ரம்பம் எடுக்க அறைக்குள் போனான். போனவன் சீக்கிரம் வெளியே வரவில்லை.

ஒலன்மா கூடையும் கத்திரியும் எடுத்துவந்தாள். வேரை அறுப்பதானால் தலைப்பாரத்தை முதலில் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மரம் வாடும். அது பண்ணை வழக்கம். இலைகளைப் பாதிப் பாதியாக நறுக்கினாள். பிறகு முதல் காய்க்கொத்தைக் கையில் பிடித்தாள். ரோஜா நிறம் கையில் நிறைந்திருந்தது. ஒரு கொத்து கூடையில் விழுந்தது. இன்னொன்று. என் சட்டியில் அக்காரா கருகிக்கொண்டிருந்தது. நான் திருப்பவில்லை.

இக்விலோவுக்கும் பார்க்கப் பொறுக்கவில்லை போல. அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். பக்கத்தில் வந்து, எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறாய், அறுத்துப் போட்டுவிடு, உன் பண்ணையில் நல்ல கன்றாக ஒன்று பார், நானே வாங்கித் தருகிறேன், புது டிரம்மில் வைத்துக்கொள் என்று ஆறுதலாகச் சொன்னார்.

அந்த ஆறுதல்தான் அவளை உடைத்தது. கத்திரியைக் கீழே வைத்தாள்.

"இதுக்கு பதிலா இன்னொண்ணு கெடைக்காது ஐயா. முனாச்சியோட தொப்புள்கொடி இதுக்குள்ளதான் இருக்கு."

இக்விலோ கையை வெடுக்கென்று டிரம்மிலிருந்து எடுத்தார். தொப்பியைக் கழற்றினார். தூறல் அவர் வழுக்கையில் விழுந்தது.

"எப்போலேர்ந்து?"

"அவ பொறந்த மாசத்துலேர்ந்து."

"என் மண்ணுல."

"உங்க மண்ணு இல்லீங்க ஐயா. ஊர்லேர்ந்து மூட்டையில கொண்டாந்த மண்ணு. அவரோட அப்பா வீட்டு மண்ணு."

"மரம்?"

"அவரோட மரத்துலேர்ந்து பதியம் போட்டு எடுத்தது. அங்க அந்த மரத்த வெட்டிட்டாங்க. இது ஒண்ணுதான் மிச்சம்."

"டிரம்மு?"

என்னைப் பார்த்தார். என்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டேன். அடி ஓட்டையானது என்றும் சொன்னேன். அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை.

"அப்போ என்னோடது எதும்மா இதுல?"

"அடியில இருக்கிற தரை மட்டுந்தான் ஐயா."

மூன்றாம் அறைக்காரி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இக்விலோ சிரிக்கவில்லை. மரத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. ஒரு கொழந்தையோட கொடிக்கு எடம் இல்லேன்னு சொல்ற ஆளா நான்?"

"கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்களா ஐயா?"

இப்படி ஒரு கேள்வியை ஒலன்மா அவரிடம் கேட்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாட்டேன்" என்றார் கடைசியில். "மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்."

குடையை எடுத்தார், விரிக்க மறந்து, தூறலில் நடந்து கேட்டைத் தாண்டிப் போனார். அறு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. அவருடைய நாலு அக்காராவும் அப்படியே கிடந்தது.

அந்த வாரம் மழை விடாமல் பெய்தது. முற்றத்தில் ஆளுக்கொரு பேச்சு. வக்கீலைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றார்கள் சிலர். கொடி புதைத்தது தெரிந்த பிறகு எந்த வீட்டுக்காரன் விட்டுவைப்பான், ராத்திரியோடு ராத்திரியாக டிரம்மை உடைத்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள் மூன்றாம் அறைக்காரி. அசூகா சாயங்காலங்களில் வேறு அறை தேடி அலைந்தான். அறைகள் கிடைத்தன. கொல்லையில் ஒரு டிரம் வைக்க இடம் உண்டா என்று கேட்டால் எல்லோரும் கதவைச் சாத்தினார்கள்.

வியாழக்கிழமை காலை அக்காரா வாங்க வந்த அசூகா பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றான்.

"அக்காரா அம்மா, அன்னிக்கி ரம்பம் எடுக்க உள்ள போனேனே, ரம்பம் கதவுக்குப் பின்னாலயே இருந்துச்சு. கைக்கு எட்டற தூரத்துல. எடுக்க முடியல."

அவன் பொட்டலத்தில் இன்னும் இரண்டு போட்டேன்.

"ஊர்ல என் மரம் கெடந்ததப் பாத்தேன். கொம்புல காயம் இருந்துச்சு, இவ கிளை எடுத்த எடம். அது ஆறி, பட்ட மூடியிருந்துச்சு. அதத் தடவிப் பாத்துட்டுதான் வந்தேன். நான் ஒண்ணுமில்லேன்னு சொன்னேன்ல, பொய்."

"தெரியும்டா" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. முதல் சனிக்கிழமை இல்லை, இரண்டாவது. இக்விலோ கேட்டுக்குள் வந்தார். தனியாக இல்லை. கூட இரண்டு பேர், அவருடைய பங்காளிகள், நல்ல உடுப்பில். எனக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஓடலாம் போலிருந்தது. ஒலன்மா முனாச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு டிரம்முக்கு முன்னால் போய் நின்றாள். உடைக்க வந்தால் தன்னை உடைத்துவிட்டுத்தான் என்கிற நிற்பு அது. அசூகா அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

இக்விலோ ஒரு தட்டு கேட்டார். தட்டு வந்தது. பையிலிருந்து கோலாக் கொட்டையை எடுத்து அதில் வைத்தார். ஒரு வெள்ளைச் சுண்ணக்கட்டியையும் வைத்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. வெட்ட வருகிறவன் கோலா கொண்டுவர மாட்டான்.

பங்காளிகள் தொட்டுக் கொடுக்க, அவர் கையில் எடுத்து, தன் முன்னோரைக் கூப்பிட்டு வேண்டிக்கொண்டு உடைத்தார். ஆண்களுக்குத் துண்டு போயிற்று. பிறகு பேசினார். எல்லோருக்கும் கேட்கும்படி, நிதானமாக.

"எங்கப்பாகிட்ட மரம் வெச்சவன் பொய் சொன்னான். அதனால எனக்கு மரம்னாலே பயம். இந்தப் பொண்ணும் நாலு மாசம் எனக்குத் தெரியாம வேர அறுத்திருக்கா, அக்காரா அம்மா அதுக்குத் துணைன்னு இந்த முத்தத்துலயே சொன்னாங்க. அதுக்குப் பேர் என்னன்னு நான் சொல்லல. ஆனா கேட்டப்போ மறைக்காம சொன்னா. ஒரு கொழந்தையோட கொடிய நான் தோண்ட மாட்டேன். என்னால முடியாது. அதனால, இந்த ரெண்டு பேர் சாட்சியா சொல்றேன். இந்த டிரம்மு எவ்வளவு அகலமோ அவ்வளவு தரை, முனாச்சிக்கு. அடியில எவ்வளவு ஆழம் போகுமோ, போகட்டும். மேல சுவர் உயரம். அதுக்கு மேல ஒரு வெரல்கடை போகக் கூடாது."

குனிந்தார். முழங்கால் சம்மதிக்காமல் ஒரு பங்காளியின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். டிரம்மைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டார். ஈர மண்ணில் கோடு சரியாக விழவில்லை. இரண்டு தரம், மூன்று தரம் போட்டு அழுத்தினார். தானம் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, எல்லை போட்ட மாதிரியும் ஆயிற்று, மனிதர் லேசுப்பட்டவர் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்த வட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

பிறகு அசூகாவிடம், இனி இரும்பு எதற்கு, உன் வேலையைக் காட்டு என்றார். அசூகா பட்டறையிலிருந்து வெட்டுகிற மெஷினைக் கொண்டுவந்தான். இலைமேல் பொறி தெறிக்காமல் இருக்க ஒலன்மா ஈரச் சாக்கைக் கட்டினாள். இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே கோடாக அறுத்தான். ஓடு கழற்றுகிற மாதிரி இரும்பு இரண்டாகப் பிரிந்து வந்தது. உள்ளே மண் தெரியவில்லை. சுற்றிலும் வேர்தான், கூடை முடைந்த மாதிரி. ஒலன்மா ஈரத்தரையில் முழங்காலிட்டு, கையால் மண்ணை அள்ளி அதைச் சுற்றி அணைத்தாள். கொடி புதைத்த பக்கத்தை மட்டும் தொடாமல் விட்டாள். அசூகா பக்கத்தில் குந்தி, அவள் அள்ளிய இடத்தைத் தட்டிக் கெட்டிப்படுத்தினான்.

நான் சோளம் சுட வைத்திருந்தேன். சாம்பல் சூடாக இருந்தது. மரத்தில் மிச்சமிருந்த கொத்துகளில், சுவர்ப் பக்கத்து ஒன்றில், இரண்டு மூன்று காய் கறுக்கத் தொடங்கியிருந்தன. வேலையெல்லாம் முடிந்த நிம்மதியில் இக்விலோ அந்தக் கொத்தைப் பார்த்தார். அவர் கை தானாக மேலே போயிற்று. பாதியில் நின்றது. கையை இறக்கி, முனாச்சியின் பக்கம் திரும்பினார். அவள் உயரத்துக்கு வர அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"அம்மா, ஒரு பழம் பறிச்சுக்கட்டுமா?"

முனாச்சி அவரைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். வட்டத்துக்குள் போய், தலையைப் பின்னால் சாய்த்து, அந்தக் கொத்தை நன்றாகப் பார்த்தாள்.

"வேணாம். இன்னும் பழுக்கல."

ஒலன்மா பதறி மகளின் கையைப் பிடித்தாள். இக்விலோ வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அவள விடும்மா. மரத்துக்காரி சொல்லிட்டா." முனாச்சியிடம் கேட்டார், "அப்போ எப்ப வரட்டும்?"

அவள் யோசித்தாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நாள் தெரியுமோ அவ்வளவு யோசித்தாள்.

"நாளைக்கு வா."

வீட்டுக்காரரை அந்த முற்றத்தில் 'வா' என்று யாரும் சொன்னதில்லை. பங்காளிகள் சிரித்தார்கள், மூன்றாம் அறைக்காரி சிரித்தாள், நானும் சிரித்தேன். ஒலன்மா மட்டும் மகளின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அசூகா தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.

"சரிம்மா, வரேன்" என்றார் இக்விலோ.

மறுநாள் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் அந்த உடுப்போடு நேரே வந்தார். கொத்தில் இரண்டு நன்றாகக் கறுத்திருந்தன. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, சுண்ணக்கோட்டுக்கு வெளியே நின்றபடி, மரத்துக்காரி இருக்கிறாளா என்று கேட்டார்.